வேலூர்ப் பக்கம் இருந்தபடி வெளிநாட்டு வேலை செய்ய: முதல் டாலர் வருவதற்குள் முடிக்க வேண்டியவை

குடியாத்தத்தில் உட்கார்ந்துகொண்டு லண்டன் கடைக்காரர் ஒருவரின் வலைத்தளத்தைப் பராமரிக்கலாம், ஆம்பூரில் இருந்தபடி ஜெர்மனிக்காரருக்குக் கணக்கு எழுதலாம் என்பதெல்லாம் இப்போது யாருக்கும் அதிசயம் இல்லை. வேலை பிடிப்பது எப்படி என்று சொல்லித் தர ஆயிரம் வீடியோ இருக்கிறது. செய்த வேலைக்குப் பணம் நம் கணக்கில் வந்து விழுவதற்கு என்னென்ன தாள்கள் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. வலைத்தளப் பராமரிப்பில் நான் இறங்கியபோது வேலை சீக்கிரமே கிடைத்தது. அனுப்பிய பணம் மட்டும் பெயர் பொருந்தவில்லை என்று வங்கியில் நின்றுவிட்டது. கிளையில் கேட்டால் தலைமை அலுவலகத்தைக் கேளுங்கள் என்றார்கள், அங்கே கேட்டால் கிளைக்குப் போகச் சொன்னார்கள். அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் ஆவணங்களில் பெயர் ஒரே மாதிரி இருந்தால் கீழே உள்ள எல்லாவற்றையும் இரண்டு மூன்று வாரத்தில் முடித்துவிடலாம். பெயர் திருத்த வேண்டியிருந்தால் ஒன்றரை, இரண்டு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அரசுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 500 ரூபாயைத் தாண்டாது. கல்லூரி கடைசி செமஸ்டரில் இருப்பவர்கள் படிக்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது. 18 வயது முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1. என்ன வேலை என்பதை முடிவு செய்யுங்கள்

"ஆன்லைன் வேலை" என்று பொதுவாகத் தேடாதீர்கள். அப்படித் தேடுபவர்களைத்தான் மோசடிக்காரர்கள் தேடுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட வேலையைச் சொல்லித் தேடுங்கள்.

நம் பக்கத்துக்கு என்று சில பலம் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோலும் ஷூவும் ஏற்றுமதி செய்யும் ஊர்கள். ஷூ கம்பெனியில் பேட்டர்ன் போட்டவர் அதைக் கணினியில் வரையக் கற்றுக்கொண்டால், வெளிநாட்டில் சின்ன அளவில் ஷூ செய்பவர்களுக்கு அவர் தேவைப்படுவார். மருத்துவமனை பில்லிங் பார்த்தவர்களுக்கு மெடிக்கல் கோடிங், அதாவது நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடாக மாற்றும் வேலை, எளிதாகப் பிடிபடும். எல்லோரும் செய்யும் லோகோ வடிவமைப்பில் போய் ஐந்து டாலருக்குப் போட்டி போடுவதைவிட இது மேல் என்பது என் எண்ணம்.

கற்றுக்கொள்ள முதலிலேயே பெரிய தொகை கட்டாதீர்கள். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்கள் 4, 8, 12 வாரக் கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் பாடத்துக்கு 1000 ரூபாய் கட்டி, நேரில் மையத்துக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கு அரசின் நான் முதல்வன் திட்டத்திலும் பாடங்கள் உண்டு. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளர் பெரும்பாலும் சான்றிதழைப் பார்ப்பதில்லை, செய்து காட்டிய வேலையைத்தான் பார்க்கிறார். மூன்று மாதிரி வேலைகளைத் தயார் செய்து வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

2. எல்லா ஆவணத்திலும் பெயரை ஒன்றாக்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நம் பெயர்களில் இனிஷியல் இருக்கிறது. பெயர் சரவணன், அப்பா பெயர் குமார் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் "சரவணன் கே" என்று இருக்கும். பான் விண்ணப்பம் இனிஷியலை ஏற்காது என்பதால் பான் அட்டையில் "சரவணன் குமார்" என்று விரிந்திருக்கும். வங்கிப் புத்தகத்தில் "கே சரவணன்". வெளிநாட்டுத் தளங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும், இரண்டையும் நிரப்பினால்தான் நகரும். நாம் அங்கே ஒன்று எழுத, பணம் அந்தப் பெயருக்கு வர, வங்கிக் கணினி இது வேறு ஆள் என்று நிறுத்திவிடும். நாலு தாளும் நம்முடையதுதான். கணினிக்கு நாம் நாலு பேர்.

செய்ய வேண்டியது இது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், பான், வங்கிப் புத்தகம், இருந்தால் பாஸ்போர்ட், எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாக ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் கவனியுங்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுவார்கள், ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு விதம், தம்பிக்கு ஒரு விதம் இருக்கும். அதையும் பாருங்கள்.

பிறகு இனிஷியலை விரித்து எழுதிய வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்போர்ட்டிலும் இனிஷியல் எடுபடாது, வங்கியும் வரித் துறையும் தளங்களும் கடைசியில் பான் பெயரோடுதான் ஒப்பிடுகின்றன. அதனால் விரிந்த பெயர்தான் எல்லா இடத்திலும் செல்லும்.

இப்போது வரிசை முக்கியம். முதலில் ஆதார், அப்புறம் பான், அப்புறம் வங்கி.

ஆதார் சேவை மையம், தபால் நிலையம் அல்லது வங்கிக் கிளையில் உள்ள ஆதார் மையத்துக்குப் போங்கள். பெயர், முகவரி போன்ற விவரம் மாற்ற 75 ரூபாய். உங்கள் கைபேசி எண் ஆதாரில் இல்லை என்றால் அதே தடவையில் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் இதற்குப் பின் வரும் எந்தப் படியும் நடக்காது, எல்லாவற்றுக்கும் ஓடிபி கேட்கும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதனால் மையத்தில் தட்டச்சு செய்தபின் அவர்கள் தரும் தாளை நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் நிற்பவர் அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை.

பான் இல்லாதவர்கள் வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளத்தில் உடனடி இ-பான் இலவசமாக எடுக்கலாம். ஆனால் அது ஆதாரில் உள்ள பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆதாரைத் திருத்தும் முன் இ-பான் எடுத்தால் அந்தக் குறை பானுக்கும் வந்துவிடும். ஏற்கெனவே பான் இருந்து பெயர் தவறாக இருந்தால் திருத்த விண்ணப்பம் போடுங்கள், அட்டையோடு சேர்த்து 107 ரூபாய் அளவில் ஆகும். பழையது தொலைந்துவிட்டது என்று புதிதாக இன்னொரு பான் வாங்கவே கூடாது, இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம் உண்டு.

திருமணமான பெண்களுக்கு ஒரு வார்த்தை. படிப்புச் சான்றிதழில் அப்பா பெயர், ஆதாரில் கணவர் பெயர், பானில் மறுபடி அப்பா பெயர் என்று இருப்பது நம் ஊரில் மிகச் சாதாரணம். எந்தப் பெயர் என்பது உங்கள் விருப்பம். ஏதாவது ஒன்றை முடிவு செய்து எல்லாவற்றிலும் அதையே வையுங்கள். கணவர் பெயருக்கு மாற்றுவதாக இருந்தால் திருமணப் பதிவுச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.

3. பழைய மாவட்டம், புதிய மாவட்டம்

2019 நவம்பர் 28 அன்று வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டம். ஆனால் பலருடைய ஆதாரில் இன்னும் வேலூர் மாவட்டம் என்றே இருக்கிறது.

உள்ளூரில் இதனால் ஒன்றும் ஆகாது. வெளிநாட்டுத் தளம் முகவரிச் சான்று கேட்கும்போதுதான் சிக்கல். நீங்கள் ராணிப்பேட்டை என்று தட்டச்சு செய்து, வங்கி அறிக்கையில் வேலூர் என்று இருந்தால், நம் ஊர் தெரியாத ஒருவர் அதைப் பார்த்து நிராகரித்துவிடுவார். ஆதார் முகவரியை இணையத்திலேயே மாற்றலாம், பிறகு வங்கியில் கேஒய்சி, அதாவது உங்கள் அடையாள, முகவரி விவரத்தைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அவசரம் என்றால், நீங்கள் தரப்போகும் ஆவணத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே தளத்திலும் எழுதுங்கள்.

4. உத்யம் பதிவும் வங்கிக் கணக்கும்

மத்திய அரசின் உத்யம் பதிவு சிறு தொழில்களுக்கானது. தனி ஆளாகச் சேவை செய்பவரும் பதியலாம். ஆதாரும் பானும் போதும், கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆனால் தேடினால் மேலே வருவது அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள். ஆயிரம், இரண்டாயிரம் கேட்பார்கள். முகவரி "கவ் டாட் இன்" என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். இந்தச் சான்றிதழ் எதற்கு என்றால், நடப்புக் கணக்கு, அதாவது தொழிலுக்கான வங்கிக் கணக்கு, தொடங்கப் போகும்போது "தொழிலுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பார்கள். கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, வீட்டில் ஒரு லேப்டாப் இருக்கிறது என்று சொன்னால் பல கிளைகளில் புரியாது. இந்தத் தாளைக் காட்டினால் பேச்சு சுருங்கும்.

சேமிப்புக் கணக்கே போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவ்வப்போது சிறு தொகை வரும்போது சேமிப்புக் கணக்கில் வாங்குபவர்கள் நிறைய. மாதாமாதம் வரும் என்றால் நடப்புக் கணக்குதான் பாதுகாப்பு, வீட்டுச் செலவும் தொழில் வரவும் கலக்காது. தனியார் வங்கிகளில் குறைந்தபட்ச இருப்பு 10,000, 25,000 என்று போகும், பொதுத்துறை வங்கிகளில் அதைவிடக் குறைவு. இருப்பு குறைந்தால் பிடிக்கும் தொகை எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கிளையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: "வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை இந்தக் கிளையிலேயே பார்க்கிறீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புகிறீர்களா?" சின்னக் கிளைகளில் அந்நியச் செலாவணி பார்க்க ஆள் இருக்க மாட்டார்கள், கோப்பு சென்னைக்குப் போய் வரும். தோல் ஏற்றுமதி நடக்கும் ஊர்களில் அந்த வேலை தெரிந்த கிளைகள் உண்டு. வீட்டுக்குப் பக்கத்துக் கிளையைவிட, பஸ் ஏறிப் போனாலும் அப்படி ஒரு கிளை மேல்.

வாங்கி வர வேண்டியவை: கணக்கில் அச்சான முழுப் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, ஸ்விஃப்ட் குறியீடு (வெளிநாட்டு வங்கிகள் நம் வங்கியை அடையாளம் காணும் குறியீடு), கிளை முகவரி. எல்லாக் கிளைக்கும் ஸ்விஃப்ட் குறியீடு இருக்காது. எந்தக் குறியீட்டைக் கொடுக்க வேண்டும் என்று அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

5. இணையமும் கரண்டும்

ஃபைபர் இணைப்பு மாதம் 400 முதல் 700 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி தனி. ஏதாவது ஒரு நிறுவனத்தின் சிம்மில் டேட்டாவும் இருக்கட்டும், இரண்டும் ஒரே நிறுவனம் வேண்டாம். பராமரிப்புக்கான மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி மதியம் வரை, சில நாள் மாலை வரை போகும். முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அந்த நாளில் வீடியோ அழைப்பு வைக்காதீர்கள். லேப்டாப்பில் பேட்டரி இருந்தும் ரௌட்டர் அணைந்துவிடும் என்பதால் ரௌட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்கள், ஒன்றிரண்டாயிரத்துக்குள் கிடைக்கும்.

6. நேரமும் பேச்சும்

வாடிக்கையாளர் எந்த ஊர் என்பதைப் பொறுத்து உங்கள் வீட்டு நேரமே மாறும். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே:

லண்டன் – குளிர்காலத்தில் மதியம் 2.30, கோடையில் 1.30.
பெர்லின் – குளிர்காலத்தில் மதியம் 1.30, கோடையில் 12.30.
நியூயார்க் – குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30.
சிங்கப்பூர் – ஆண்டு முழுவதும் காலை 6.30.

அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். நடுவில் உள்ள அந்த ஒன்று முதல் மூன்று வாரங்களில்தான் அழைப்புகள் தவறிப்போகும். நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தேதியை 05/06 என்று எழுதாதீர்கள், அமெரிக்கர் அதை மே 6 என்று படிப்பார். மாதத்தின் பெயரை எழுதுங்கள்.

வீட்டில் குழந்தை, வயதானவர்கள் இருந்தால் ஐரோப்பிய வாடிக்கையாளர்தான் வசதி. நியூயார்க் வேலை எடுத்தால் அவர்களுடைய மாலை நமக்கு நள்ளிரவுக்கு மேல். ஓராண்டு இரவில் விழித்துவிட்டு உடம்பு கெட்டு வேலையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். விலை பேசும்போதே இதையும் கணக்கில் வையுங்கள்.

பேச்சில் நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் சொல்வது பாதி புரியாவிட்டாலும் மரியாதைக்காகச் "சரி, சரி" என்று தலையாட்டுவோம். அவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள், வேலை முடிந்த பிறகு தகராறு வரும். புரியவில்லை என்றால் அங்கேயே கேளுங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். அழைப்பு முடிந்த அரை மணிக்குள், பேசியதை எண் போட்டு ஐந்து வரியில் மின்னஞ்சலில் அனுப்புங்கள்: என்ன வேலை, எத்தனை முறை திருத்தம், எந்த நாள், எந்த ஊர் நேரம், எவ்வளவு பணம். ஆங்கிலம் அலங்காரமாக இருக்க வேண்டியதில்லை. தமிழ் வழியில் படித்தவர்கள் பேசத்தான் தயங்குகிறார்கள், எழுத்தில் இப்படித் தெளிவாக இருந்தால் அந்தத் தயக்கத்தால் நஷ்டம் வராது.

7. தளங்களும் மோசடிகளும்

ஃபைவர், அப்வொர்க் இரண்டும் வாடிக்கையாளரையும் வேலை செய்பவரையும் சேர்த்துவைக்கும் தளங்கள். ஃபைவர் உங்கள் வருமானத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும், பணத்தை எடுக்கப் பொதுவாக 14 நாள் காத்திருக்க வேண்டும். அப்வொர்க்கில் கழிவு, அதாவது தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு, வேலைக்கு வேலை மாறும், விண்ணப்பிக்கவே கனெக்ட் என்ற புள்ளிகளை விலைக்கு வாங்க வேண்டும். நிலையான தொகை வேலைகளில் வாடிக்கையாளர் பணத்தை முன்கூட்டியே தளத்தில் வைத்துவிட்டாரா என்று பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். வைத்திருந்தால், நீங்கள் வேலையை ஒப்படைத்து 14 நாள் வரை அவர் பதில் சொல்லாவிட்டாலும் பணம் தானாக விடுவிக்கப்படும். புதியவர்களுக்குக் கழிவு போனாலும் தளம்தான் பாதுகாப்பு.

கீழே உள்ளவற்றில் ஒன்று நடந்தாலும் விலகிவிடுங்கள்.

வேலை தருவதற்கு முன் பதிவுக் கட்டணம், மென்பொருள் கட்டணம், வைப்புத்தொகை கேட்பது. டைப்பிங் வேலை, படிவம் நிரப்பும் வேலை என்று விளம்பரம் செய்து, பிறகு தவறு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டுங்கள் என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை அனுப்பி மிரட்டுவதும் இந்த வகைதான்.

டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று தொடங்கி, முதலில் 150, 200 ரூபாய் உண்மையிலேயே அனுப்பி, பிறகு நம் பணத்தைப் போடச் சொல்வது.

உங்கள் அப்வொர்க் கணக்கையோ லிங்க்ட்இன் கணக்கையோ வாடகைக்குக் கேட்பது. "உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்" என்பது இன்னும் ஆபத்து. அது பெரும்பாலும் யாரிடமோ ஏமாற்றிய பணம். காவல் துறை வரும்போது கணக்கில் இருப்பது உங்கள் பெயர். கல்லூரி மாணவர்கள் இதில் அதிகம் சிக்குகிறார்கள், தம்பி தங்கைகளுக்குக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

டேட்டா என்ட்ரி வேலை, தாய்லாந்து வந்தால் போதும், டிக்கெட் நாங்களே போடுகிறோம் என்பது. அப்படிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மர், கம்போடியா மோசடி முகாம்களில் அடைபட்டு, அரசு தலையிட்டு மீட்க வேண்டியிருந்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம்.

பணம் போய்விட்டால் 1930 எண்ணுக்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போடாதீர்கள்.

8. பணம் வரும் வழியைத் தேர்ந்தெடுங்கள்

நேரடி வாடிக்கையாளர் என்றால் எந்த வழியில் அனுப்பச் சொல்வது? 500 டாலரை எடுத்துக்கொள்வோம்.

பேபால்: பெறும் கட்டணம் சுமார் 4.4 சதவீதமும் 30 சென்ட்டும். அதிலேயே 22 டாலர் போகும். பிறகு ரூபாயாக மாற்றும்போது சந்தை விலையைவிட 3, 4 சதவீதம் குறைத்துத் தருவார்கள். கடைசியில் கைக்கு வருவது 460 டாலர் அளவுக்குத்தான். இந்தியாவில் 2021 ஏப்ரலில் இருந்து பேபால் வெளிநாட்டு வரவுக்கு மட்டும்தான். பணம் அங்கே தங்காது, தானாக வங்கிக்குப் போய்விடும். வாடிக்கையாளர் 180 நாள் வரை புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். வேலையை ஒப்படைத்த மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள்.

வங்கி வழி, அதாவது ஸ்விஃப்ட்: நடுவில் உள்ள வங்கிகள் 10 முதல் 30 டாலர் வரை பிடிக்கலாம். 100 டாலருக்கு இது கட்டாது, 2000 டாலருக்குக் கட்டும். எல்லாச் செலவையும் அனுப்புபவரே ஏற்கும்படி அனுப்ப ஒரு வசதி இருக்கிறது, ஒப்பந்தத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நம் வங்கி டாலரை என்ன விலைக்கு எடுக்கிறது என்றும் கேளுங்கள். தொடர்ந்து வரவு இருந்தால் அந்த விலையில் கொஞ்சம் பேரம் பேசலாம், இதைப் பலர் கேட்பதே இல்லை. மாற்றும் தொகைக்கு ஜிஎஸ்டியும் உண்டு: ஒரு லட்சம் ரூபாய் வரை 0.18 சதவீதம், குறைந்தது 45 ரூபாய்.

வைஸ், பேயோனீர் போன்ற பணம் அனுப்பும் சேவைகள்: கட்டணம் பெரும்பாலும் பேபாலைவிடக் குறைவு. ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் பலர் வைஸ் பயன்படுத்துகிறார்கள், எதில் அனுப்புவீர்கள் என்று அவர்களையே கேளுங்கள்.

கிரிப்டோவில் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்றுமதி வரவாக அதைக் காட்ட முடியாது.

எந்த வழியானாலும் நோக்கக் குறியீடு ஒன்று கேட்பார்கள். இந்தப் பணம் எதற்காக வந்தது என்று ரிசர்வ் வங்கிக்குச் சொல்லும் குறியீடு அது. மென்பொருள் ஆலோசனை, செயலாக்கம் என்றால் பி0802, வணிக ஆலோசனை என்றால் பி1006, விளம்பரம் என்றால் பி1007. குடும்பப் பராமரிப்புக்கு வந்தது, அன்பளிப்பு என்று குறிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பிறகு இது ஏற்றுமதி என்று நிரூபிக்க வழியே இருக்காது.

பணம் வந்த ஒவ்வொரு முறையும் வரவுச் சான்று, அதாவது எஃப்ஐஆர்ஏ, வாங்கி வையுங்கள். பேபால் மாதாமாதம் தானே தருகிறது. வங்கியில் கேட்டு வாங்க வேண்டும், சில நூறு ரூபாய் ஆகலாம். ஆண்டு முடிவில் மொத்தமாகக் கேட்டால் தேடித் தர அவர்களுக்கும் சிரமம், அந்தந்த மாதமே கேளுங்கள்.

9. இன்வாய்ஸும் அமெரிக்கப் படிவமும்

இன்வாய்ஸில், அதாவது வாடிக்கையாளருக்கு அனுப்பும் பில்லில், இவை இருக்கட்டும்: வரிசை எண், தேதி, உங்கள் பெயர், முகவரி, பான், வாடிக்கையாளரின் பெயர், முகவரி, செய்த வேலை, டாலரில் தொகை, வங்கி விவரம், எத்தனை நாளில் தர வேண்டும். உங்கள் பெயர் இரண்டாம் படியில் முடிவு செய்த அதே பெயர். புது வாடிக்கையாளரிடம் மூன்றில் ஒரு பங்காவது முன்பணம் கேளுங்கள்.

அமெரிக்க வாடிக்கையாளர்கள் வரிப் படிவம் கேட்பார்கள். நாம் தர வேண்டியது டபிள்யூ-8பென். சில சமயம் பழக்கத்தில் டபிள்யூ-9 அனுப்பிவிடுவார்கள். அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் உரியது, அதில் கையெழுத்துப் போடாதீர்கள். 8பென் படிவத்தில் வெளிநாட்டு வரி எண் என்ற இடத்தில் உங்கள் பான். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் கடைசி வரை அது செல்லும்.

10. ஜிஎஸ்டியும் வருமான வரியும்

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை சேவை செய்பவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. வெளிநாட்டு வரவும் அந்த 20 லட்சத்தில் சேரும். முதல் நாளே பதிவு செய்துகொள்ளச் சொல்லி உங்களைச் சிலர் அவசரப்படுத்துவார்கள். பதிந்துவிட்டால் வரவே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் (ஜிஎஸ்டி கணக்கு) போட வேண்டும், தவறினால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். என் கருத்தில், தேவை வரும்போது பதிந்தால் போதும். பதிந்த பிறகு ஒவ்வொரு நிதி ஆண்டும் எல்யுடி என்ற உறுதிமொழியை ஜிஎஸ்டி தளத்தில் கொடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அதைக் கொடுத்துவிட்டால் ஏற்றுமதிச் சேவைக்கு வரி கட்டாமலே இன்வாய்ஸ் போடலாம்.

வருமான வரியில், ஆடிட்டர்கள் 44ஏடிஏ என்று சொல்லும் முறை தனி ஆட்களுக்கு வசதியானது. வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், செலவுக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டியதில்லை. பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை, தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்குத்தான் இது. வரம்பு 50 லட்சம், ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம். எழுத்து, வடிவமைப்பு வேலை செய்பவர்கள் தங்கள் வேலை இதில் வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வெளிநாட்டுச் சேவை வரவு பார்த்த ஆடிட்டரைத் தேடுங்கள், கடைக் கணக்கு மட்டும் பார்ப்பவருக்கு இது புதிதாக இருக்கலாம். கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால், முன்கூட்டிய வரியாக மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்ட வேண்டும்.

வரி எதுவும் வராவிட்டாலும் ஐடிஆர், அதாவது வருமான வரிக் கணக்கு, தாக்கல் செய்துவிடுங்கள். மாதச் சம்பளச் சீட்டு இல்லாத நமக்கு அதுதான் வருமானச் சான்று. வீட்டுக் கடனோ வண்டிக் கடனோ கேட்கப் போனால் இரண்டு மூன்று ஆண்டு ஐடிஆர் கேட்பார்கள், பின்னால் போய் அதை உருவாக்க முடியாது. தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் இ-வெரிஃபை செய்ய வேண்டும், அதாவது தாக்கல் செய்தது நீங்கள்தான் என்று இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் அந்த ஐடிஆர் செல்லாது. அந்த ஓடிபி ஆதாரில் பதிந்த எண்ணுக்குத்தான் வரும் என்பதால், இடையில் சிம் மாற்றியவர்கள் கடைசி வாரம் வரை காத்திருக்காமல் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டு வாருங்கள்.